குங்குமம் மூடிய தகடு

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ‘பச்சைப் புடவை, குஞ்சம், வெள்ளிக்கிழமை’ என்று கடைச் சீட்டில் எழுதுவதைத் தாண்டி இத்தனை பக்கம் நான் எழுதியதே இல்லை. உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் எழுதும் அனுபவங்களை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி சத்தமாகப் படிப்பாள். படித்து முடித்துவிட்டு, “உனக்கு நடந்தத எழுதுனா இவங்கள்லாம் ஓரமா நிக்கணும்யா” என்பாள். ஒன்றரை வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், பட்டினப்பாக்கம் கடற்கரையை ஒட்டிய மீன் கடைகளில் இது நடந்தது. அன்றைக்கு எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷம் முடிந்த நாள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பிறவியிலேயே ஹீமோபிலியா என்ற ரத்த நோய். ரத்தம் உறைவதற்கு உடம்பில் இருக்க வேண்டிய ஒரு சத்து எனக்குக் குறைவு. கீறல் பட்டால் குழாயைத் திறந்த மாதிரி கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மற்றவர்களுக்கு நிற்கிற நேரத்தில் எனக்கு நிற்காது, அவ்வளவுதான். வெளியே வருகிற ரத்தத்தைவிட, முட்டியிலும் முழங்கையிலும் உள்ளுக்குள்ளேயே கசிகிற ரத்தம்தான் என்னை அதிகமாகப் படுத்தியிருக்கிறது.

மூன்றாவது படிக்கும்போது வகுப்பில் ஒரு பல் விழுந்தது. இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வாத்தியார் என்னைக் கதவோரமாகத் தனியாக உட்கார வைத்தார். பாவம், அவருக்குப் பயம். பிள்ளைகள் என்னைத் தொடாமல் சுற்றிப் போனார்கள். ஐந்தாவது படிக்கும்போது வலது முட்டி வீங்கி நாலு மாதம் படுத்துவிட்டேன். எழுந்தபோது பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முட்டி மட்டும் காரணம் என்று வீட்டில் நினைத்தார்கள். கதவோரம் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் நோயைப் பற்றி வாயைத் திறப்பதே இல்லை என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது.

உட்கார்ந்து செய்யும் வேலைதான் எனக்கு ஒத்துவரும். மயிலாப்பூரில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு சின்ன இடம். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பேன், முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவேன். அதிகம் பேச வேண்டிய அவசியம் இல்லை. புடவையை வாங்குவேன், தேதி சொல்வேன், கொடுப்பேன். என்னிடம் பத்து வருஷமாக வருகிறவர்களுக்குக்கூட என் குரல் எப்படி இருக்கும் என்று நினைவு இருக்காது.

இந்த நோய்க்கான மருந்தை அரசு ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றுவார்கள். ஃபேக்டர் என்று பெயர். அங்கே எங்களைப் பார்க்கும் டாக்டரம்மா மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் எனக்கு ஒரு சங்கிலி கொடுத்தார். அதில் பெரிய ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு எவர்சில்வர் தகடு. ஒரு பக்கம் டாக்டர்களுக்காக இங்கிலீஷில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும். இன்னொரு பக்கம் தமிழில், ‘எனக்கு ரத்தம் உறையாது. சதையில் ஊசி போடாதீர்கள். இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்’ என்று வெட்டி, என் மனைவியின் போன் நம்பர்.

“மயக்கம் போட்டு விழுந்துட்டீங்கன்னா நீங்க பேச முடியாது. அப்போ இதுதான் பேசணும். சட்டைக்கு வெளியில தெரியற மாதிரி போட்டுக்கோங்க” என்றார். நான் தலையை ஆட்டினேன். நான் எதற்கும் தலையை ஆட்டுவேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அதைக் கையில் வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மஞ்சள் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, அப்புறம்தான் என் கழுத்தில் போட்டாள். நம் வீடுகளில் புதுசாக எது வந்தாலும், பீரோவோ மிக்ஸியோ, முதலில் மஞ்சள் குங்குமம்தானே. ஆனால் பீரோவுக்கு ஒரு நாள் பொட்டு வைப்பதோடு சரி. இதற்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைத்தாள். சங்கிலி கழுத்தை அறுக்கிறது என்று கறுப்புக் கயிற்றில் மாற்றினாள். கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஒரு தாயத்தையும் பக்கத்தில் கோத்துவிட்டாள். “மருந்து ஒரு பக்கம் பாத்துக்கும், ஆத்தா ஒரு பக்கம் பாத்துக்குவா” என்றாள்.

ஆறு மாதத்தில் அந்தத் தகட்டில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. வெட்டிய எழுத்துக்குள்ளே மஞ்சள் இறங்கிக் காய்ந்து, அதன்மேல் குங்குமம் ஏறி, அதன்மேல் வேர்வை பட்டு இறுகி, பார்த்தால் ஏதோ பழைய கோயில் டாலர் மாதிரி ஆகிவிட்டது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எழுத்து மறைந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் துடைக்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. சட்டைப் பொத்தான் வழியாக யாராவது பார்த்துக் கேட்டால், “குலதெய்வம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்வேன். மனைவி பக்தியில் செய்தாள். நான் அந்தப் பக்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

என் மனைவிக்குச் சங்கரா மீன் என்றால் உயிர். ஆனால் இருபது வருஷமாக மீன் வாங்குவது அவள்தான். ஈரத் தரையில் நான் வழுக்கி விழுந்துவிடுவேன் என்று மீன் கடைப் பக்கமே என்னை விட மாட்டாள். அன்றைக்கு அவளுக்கே தெரியாமல் நான் வாங்கி வந்து கொடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. புதுச் சட்டையும் வேட்டியும் கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் கூப்பிட்டால் நான் பொய் சொல்லி மாட்டிக்கொள்வேன் என்று போனைச் சார்ஜில் போட்டுவிட்டே போனேன்.

மீன் கடையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். ஒரு கடையின் முன்னால் இரண்டு நிமிஷம் சும்மா நின்றேன். அங்கே இருந்த மீன்காரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் மேரி மாதா டாலர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா நைனா, மாப்ள மாறி வந்து நிக்கிற. மீன் பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?”

பக்கத்துக் கடைகளில் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. “சங்கரா” என்றேன்.

“அட, பேசுது. எத்தினி பேருக்கு?”

“ரெண்டு.”

“நீயும் உன் வூட்டுக்காரியுமா? இன்னா விசேசம், வேட்டியெல்லாம் கட்டிக்கினு வந்துகீற?”

எப்படியோ சொல்லிவிட்டேன், கல்யாண நாள் என்று. அவர் முகமே மாறிவிட்டது. தட்டில் எடுத்து வைத்திருந்த மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ரோஜா நிறத்தில் இரண்டு சங்கராவை எடுத்தார். “இத்த எட்த்துனு போ. பாத்ததும் உன்னிய கட்டிக்கும்” என்றார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். வெளியில் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்தேன்.

அவர் செதில் சுரண்ட ஆரம்பித்தார். பின்னால் இரண்டு பேர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “வழி, வழி” என்று வந்தார்கள். நான் ஒதுங்கி ஒரு கால் வைத்தேன். கீழே ஐஸ் உருகிய தண்ணீரும் செதிலும். கால் போய்விட்டது. தாடை மீன் தட்டின் விளிம்பில் இடித்தது. பல்லுக்கு நடுவில் நாக்கு மாட்டியது.

வாயெல்லாம் ரத்தம். புதுச் சட்டையெல்லாம் ரத்தம். எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. முட்டியில் கசிந்தால் படுத்துக்கொள்ளலாம். நாக்கு அப்படி இல்லை. நிற்காமல் கசிந்தால் வீங்கும், வீங்கினால் மூச்சை அடைக்கும். எவ்வளவு சீக்கிரம் ஃபேக்டர் ஏறுகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

மீன்காரம்மா என்னைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு ஐஸ் கட்டியை என் வாயில் திணித்தார். “நாக்க கட்சிகினாருப்பா. ஒண்ணுமில்ல நைனா, நின்னுடும்” என்றார். பிறகு குனிந்து, “உடம்புல சக்கர கிக்கர கீதா? வேற எதுனா வியாதி?” என்று கேட்டார்.

சுற்றிலும் பத்து இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. உயிர் போகிற இடத்தில், ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நாற்பது வருஷப் பழக்கம், தலை தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிவிட்டது. ஆட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார்.

பேச வாயைத் திறந்தால் ரத்தமும் ஐஸ் தண்ணீரும்தான் வந்தன. சட்டைக்குள் கையை விட்டுத் தகட்டை வெளியே எடுத்தேன். எடுத்து மீன்காரம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பக்கத்துக் கடை அம்மாவிடம் திரும்பி நீட்டினேன். அவர் அதை என் கையோடு சேர்த்துப் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, “மாரியாத்தா, கல்யாண நாளும் அதுவுமா இந்தாளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதும்மா” என்றார். ஐஸ் பெட்டி தூக்கி வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுற்றி நின்ற எல்லோரும் சேர்ந்து எனக்காகக் கும்பிட்டார்கள். நான் இன்னும் ஆவேசமாக ஆட்டிக் காட்டினேன். “நல்லா வேண்டிக்க நைனா. ஆத்தா கைவிட மாட்டா” என்றார் ஒருவர். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உள்ளங்கையில் விரலால் எழுதுகிற மாதிரி சைகை செய்தேன். “துட்டு இன்னாத்துக்கு இப்ப? அப்பறமா குடு. மீன் எங்கியும் ஓடாது” என்றார் மீன்காரம்மா.

கடையைப் பக்கத்து அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றினார். தானும் ஏறிக்கொண்டார். என் கடை வாசலில் ஒருவர் விழுந்தால், புடவையைக் கீழே வைத்துவிட்டு நான் கூடப் போவேனா என்று இன்றைக்கும் என்னை நான் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி, மீன் வியாபாரத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோக்காரரைத்தான் திட்டிக்கொண்டே வந்தார். “பள்ளம் பாத்து ஓட்றா, அவுரு நாக்கு மறுக்கா மாட்டிக்கும்.”

பக்கத்தில் இருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் உள்ளே வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா சின்ன வயது, நல்ல பொறுமைசாலி. வாயைப் பார்த்தார், தாடையில் இருந்த வெட்டைத் துடைத்தார்.

“தாடைக்கு ரெண்டு தையல் வரும். டாக்டர் வர்றதுக்குள்ள ஒரு டி.டி. போட்டுடறேன். வேட்டிய லேசா தளர்த்துங்க.”

ஊசி இடுப்புச் சதையில். எனக்குச் சதையில் ஊசி போட்டால் உள்ளேயே ரத்தம் கசிந்து கல் மாதிரி கட்டிக்கொள்ளும். அது ஒரு பக்கம். இவர்கள் தையல் போட்டு, மாத்திரை கொடுத்து, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டால் ராத்திரிக்குள் என் நாக்கு என்ன ஆகும் என்பதுதான் பெரிய பயம். நான் வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

“ஊசின்னா பயமா சார்?” என்றார் நர்ஸம்மா, சிரித்துக்கொண்டே.

“இன்னா நைனா, இம்மாம் பெரிய மீசைய வச்சிக்கினு. கொயந்தைங்கள்லாம் போட்டுக்குது” என்று மீன்காரம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மீன் வெட்டி வெட்டி உரமான கை. என்னால் அசைக்க முடியவில்லை.

எனக்கு அப்போது வந்த பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஒரு கையை உருவிக்கொண்டு தகட்டைப் பிடித்து, கட்டை விரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். என் நகம் நூல் வேலைக்காக ஒட்ட வெட்டிய நகம். கொஞ்சம் சிவப்புத் தூள்தான் உதிர்ந்தது. சுரண்டினேன், சுரண்டினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

நர்ஸம்மா ஊசியோடு கிட்ட வந்தார். மீன்காரம்மா மட்டும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், கொஞ்சம் இரு” என்றார். “இவுரு சாமி கும்பிடல. இன்னாத்தையோ சுரண்டிகினு கீறாரு.”

என் கழுத்துப் பக்கம் குனிந்தார். தகட்டைக் கையில் வாங்கித் தன் கட்டை விரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். தினமும் செதில் எடுக்கிற நகம். ஒரு இழுப்பிலேயே ஒரு பொருக்கு பெயர்ந்து விழுந்தது. அடியில் எவர்சில்வர் மின்னியது. நர்ஸம்மாவின் தட்டிலிருந்து ஸ்பிரிட் பஞ்சைத் தானே எடுத்து அழுத்தித் தேய்த்தார். பஞ்சு மஞ்சளாச்சு, சிவப்பாச்சு. இன்னொரு பஞ்சு. அப்புறம் கையை எட்ட வைத்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“எ-ன-க்-கு... ரத்தம்... உறையாது. சதையில்... ஊசி... போடாதீர்...”

அவர் முடிப்பதற்குள் நர்ஸம்மாவின் கை பின்னால் போய்விட்டது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, தகட்டைத் திருப்பி மறுபக்கத்தையும் துடைத்துப் படித்தார். “டாக்டர்” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினார்.

மீன்காரம்மா தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “வியாதி கீதான்னு கேட்டனே, இல்லன்னு தலைய ஆட்னியே, பாவி மனுசா” என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அவர் கண்ணும் கலங்கிவிட்டது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். மீன் வாசனை. இன்றைக்கும் எனக்கு அந்த வாசனை வந்தால் மனசு லேசாகிவிடும்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. டாக்டர் வந்து பார்த்து, தையல் போடவே இல்லை. தாடையில் அழுத்திக் கட்டுப் போட்டார், வாயில் ஐஸ் வைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார், அரசு ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து இன்ன நோயாளி வருகிறார், ஃபேக்டர் தயாராக இருக்கட்டும் என்று சொன்னார். நர்ஸம்மா தகட்டில் இருந்த நம்பருக்குப் பேசினார். காசு என்று யாரும் பேச்சே எடுக்கவில்லை. வெளியே வந்தால் அதே ஆட்டோ நிற்கிறது. நாங்கள் இருக்கச் சொல்லவே இல்லை. “எங்கன்னு சொல்லுக்கா, பறந்துடலாம்” என்றார் ஆட்டோக்காரர்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்க வைத்து, நரம்பில் மருந்து ஏற்ற ஆரம்பித்த சிறிது நேரத்தில் என் மனைவி வந்து சேர்ந்தாள். தலை வாராமல், தோசை மாவு காய்ந்த கையோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவைப் பார்த்தாள்.

“கோயிலுக்குப் போறேன்னுட்டுதான வந்த? எந்த கோயில்ல மீன் விக்குது?” என்றாள்.

“திட்டாத தாயி” என்றார் மீன்காரம்மா. “உனக்கோசரம் சங்கரா வாங்க வந்துகீறாரு. கல்யாண நாளாமே.”

என் மனைவி மாவு காய்ந்த கையைப் புடவையில் தேய்த்துக்கொண்டாள். பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்கு வாயில் ஐஸ். அவள் தலையில் கையை வைத்தேன். வேறு என்ன செய்ய.

சாயந்திரம் டாக்டரம்மா வந்தார். ரத்தம் நன்றாகக் குறைந்திருந்தது, வீக்கம் ஏறவில்லை. “சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துட்டாங்க” என்றார். பிறகு தகட்டை எடுத்துப் பார்த்தார். ஓரங்களில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

“இது என்ன இது, யார் பண்ணது?”

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, “நான்தான் டாக்டர். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம” என்றாள். நான் சும்மா இருக்க முடியவில்லை. கையைத் தூக்கி என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், நான்தான், நான்தான் என்று. தெரிந்தும் துடைக்காமல் இருந்தவன் நான். டாக்டரம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியாது. என் மனைவிக்குப் புரிந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “பூஜை பண்ணுங்கம்மா, நான் வேண்டாங்கல. பண்ணிட்டு, பல் தேய்க்கற பிரஷ்ஷால நல்லா தேய்ச்சுக் கழுவிடுங்க. சாமி கோவிச்சுக்க மாட்டார்.”

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை வியாபாரம் முடிகிற நேரத்துக்குக் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் மீன்காரம்மா. தலையில் கூடை இல்லை, கையில் ஒரு பை. நல்ல புடவை கட்டியிருந்தார். “அன்னிக்கு மீன் நின்னுபோச்சு இல்ல. கல்யாண சாப்பாடு போடாம வுட்டா எப்டி?” என்று நேராக அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த சமையலை நான் மறக்கவே மாட்டேன். புளி எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் சண்டை. மாங்காய் போடலாமா கூடாதா என்று சண்டை. குழம்பு கொதிக்கிற வாசனை தெருவுக்கே போயிற்று. எனக்கு மட்டும் சூடும் காரமும் ஆகாது, நாக்கு ஆறவில்லை. ஆறின கஞ்சியை ஒரு டம்ளரில் கொடுத்து எதிரில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் சங்கராவை முள் எடுத்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

“அக்கா, வாசன மட்டுமாவது புடிக்கட்டும், கிண்ணத்த அவருகிட்ட நவுத்து” என்றாள் என் மனைவி.

“அதுக்கு தனியா துட்டு” என்றார் மீன்காரம்மா.

சாப்பிட்டு முடித்ததும் என் கழுத்தில் இருந்த தகட்டைப் பார்த்தார். மனைவி கயிற்றைக் கழற்றிவிட்டுப் பழைய சங்கிலியிலேயே போட்டிருந்தாள். தாயத்து தனியாக இடுப்புக்குப் போய்விட்டது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. “எங்க வூட்டுக்காருக்கும் இத மாறி ஒண்ணு வோணும்” என்றார். “குட்சிட்டா எந்த வூடுன்னு மறந்து போறாரு. அட்ரஸ் வெட்டிக் குடுப்பாங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நாக்கு வலித்தது. வலித்தாலும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர், “சரி, இப்ப சொல்லு. இது இன்னா வியாதி? எப்டி வந்துச்சு?” என்று கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேறு வழி இல்லாமல் நானே சொன்னேன். வீங்கிய நாக்கோடு, பாதி வார்த்தை குழறி, பல் விழுந்ததில் இருந்து கதவோரம் உட்கார்ந்தது வரைக்கும் சொன்னேன். என் வாயால் இன்னொருவரிடம் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மீன்காரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, “அவ்ளோதானா? இத்த சொல்றதுக்கா இத்தினி வருசம்?” என்றார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. எனக்கு நெஞ்சில் இருந்த கல்லை யாரோ பக்கத்தில் நகர்த்தி வைத்த மாதிரி இருந்தது.

இப்போதெல்லாம் அவர் மாதம் ஒரு தடவை வருகிறார். மீன் கடைக்குள் நான் போகக் கூடாது என்று மனைவி போட்ட சட்டத்துக்கு இப்போது இரண்டு காவலர்கள். சங்கராவை ரோட்டு வரைக்கும் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆட்டோக்காரர் எங்கே பார்த்தாலும், “அண்ணாத்த, நாக்கு எப்டி கீது?” என்று கத்திவிட்டுப் போகிறார்.

தகடு சட்டைக்கு வெளியே ஆடும்போது எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யாராவது அது என்ன என்று கேட்டால், கையில் இருக்கிற ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறேன், சொல்லி முடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவோரத்தில் இருந்து ஒரு அடி உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

எழுதி முடித்தது: ஆடிப் பதினெட்டு, மத்தியானம்.